பத்து நாள் கரண்ட் வைத்தும் கட்டி அப்படியே இருக்கிறதே?

கேள்வி: பிப்ரவரி 11, 2024

என் மாமாவுக்கு அடிநாக்கில் புற்றுக்கட்டி. போன மாதக் கடைசியில் கரண்ட் வைக்க ஆரம்பித்தார்கள். மொத்தம் 35 நாள் என்றார்கள், 10 முடிந்துவிட்டது. கழுத்தில் இருக்கும் நெறிக்கட்டி இம்மி கூடக் குறையவில்லை. ஆனால் வாய் மட்டும் புண்ணாகத் தொடங்கிவிட்டது. நல்ல சதையை எரிக்கிற கரண்ட் கெட்ட கட்டியை எரிக்காதா? 35 நாள் இழுக்காமல் ஒரே நாளில் மொத்தத்தையும் வைத்து எரித்துவிட்டால் என்ன? அத்தை இதையே கேட்டுக் கேட்டு அழுகிறாள். டாக்டரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 11, இரவு 10.40

எரிப்பது என்ற சொல்லை முதலில் தூக்கிப் போடுங்கள். ஊரெல்லாம் கரண்ட் என்கிறோம், எரிக்கிறார்கள் என்கிறோம். இரண்டுமே நடப்பதில்லை. கொடுப்பது கதிர்வீச்சு. ஒரு நாளைக்கு 2 கிரே கொடுக்கிறார்கள். கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. அதாவது ஒரு கிலோ சதைக்கு 2 ஜூல். 35 நாளின் 70 கிரேயையும் ஒரே நொடியில் கொட்டினாலும் சதையின் சூடு 0.02 டிகிரி கூட ஏறாது. ஒரு வாய் காபி இதைவிடச் சுடும்.

அப்படியென்றால் எது கொல்கிறது? கதிர் உள்ளே போய் எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. செல்லுக்குள் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் உடைந்து வெறி பிடித்த சில துண்டுகள் உருவாகும். அவை பக்கத்தில் இருக்கும் டி.என்.ஏ.வைக் கடிக்கும். 1 கிரேக்கு ஒரு செல்லில் சுமார் 1000 இடத்தில் ஓரிழை அறும், சுமார் 40 இடத்தில் இரண்டு இழையும் சேர்ந்து அறும். ஓரிழை அறுந்தால் செல் எதிர் இழையைப் பார்த்துத் தைத்துக்கொள்ளும். இரண்டும் அறுந்த இடத்தில்தான் வினை. அவசரத்தில் தப்பான நுனியோடு தப்பான நுனியை முடிச்சுப் போட்டுவிடும்.

அப்படி முடிச்சுப் போட்ட செல் உடனே சாகாது. தின்னும், மூச்சு விடும், வீங்கக்கூடச் செய்யும். இரண்டாகப் பிரிய முயலும்போதுதான் குரோமோசோம்கள் இழுபறியாகி மாட்டிக்கொண்டு சாகும். சில செல் முதல் பிரிவில் சாகும், சில இரண்டு மூன்று பிரிவு தாண்டி. ஆகவே மாமாவின் கழுத்தில் இன்று நீங்கள் தொட்டுப் பார்க்கிற கட்டியில் உயிருள்ளதும் இருக்கிறது, செத்தும் சாகாமல் நிற்பதும் இருக்கிறது. விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

டாக்டரிடம் பயப்படாமல் கேளுங்கள். பத்தாவது நாளில் இதைக் கேட்காத வீடே கிடையாது.

பிப்ரவரி 12, காலை

நேற்று எழுதியதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பது கொஞ்சம் மானக்கேடான கதை.

படிப்பு முடித்த புதிதில் ஓர் ஆய்வகத்தில் இரண்டு வருடம் வேலை. ஹீலா என்ற புற்றுச் செல்களைத் தட்டில் வளர்த்துக் கதிர் காட்டி எண்ணுவது. முதல் தடவை தனியாகச் செய்தபோது 6 கிரே காட்டினேன். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் தட்டோடு ஒட்டிக்கொண்டு ஜோராக இருக்கின்றன. செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் ட்ரிபான் நீலம் போட்டு எண்ணினேன், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உயிரோடு. நேராக மேடம் அறைக்குப் போய் மெஷின் கெட்டுவிட்டது என்று புகார் சொன்னேன். மெஷின் பொறுப்பாளரிடம் சண்டை வேறு.

மேடம் ஒன்றும் சொல்லாமல், அந்தத் தட்டைக் கொட்டாதே, பதினாலு நாள் கழித்து வா என்றார். நாலாம் நாள் எட்டிப் பார்த்தேன். சில செல்கள் பூதம் மாதிரி விரிந்து கிடந்தன, ஒன்றுக்குள் மூன்று நாலு கரு. பதினாலாம் நாள் ஊதாச் சாயம் போட்டபோது கதிர் படாத தட்டு முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கூட்டங்கள். கதிர் பட்ட தட்டில் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஒரு செல்லிலிருந்து குறைந்தது 50 செல் கொண்ட கூட்டம் வந்தால்தான் அந்தச் செல் பிழைத்தது என்று கணக்கு. உயிரோடு இருப்பது கணக்கில் வராது, வம்சம் பெருக்குவதுதான் கணக்கு. 1956-இல் பக், மார்கஸ் இருவரும் இதே ஹீலா செல்லில்தான் இந்த எண்ணிக்கையை முதலில் செய்து காட்டினார்கள்.

அந்தச் செல்கள் 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டவை. அவருக்கும் ரேடியம் வைத்துத்தான் சிகிச்சை நடந்தது. அதே வருடம் இறந்துபோனார்.

மெஷின் பொறுப்பாளருக்கு நான் இன்னும் ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 12, மதியம்

வாய்ப்புண் கேள்வியை மறந்துவிட்டேன். வாயின் உள்தோல் தினமும் தேய்கிறது, அடியில் இருக்கும் தாய்ச்செல்கள் தினமும் புதிதாகப் பெற்றுத் தள்ளுகின்றன. கதிர் பட்டதும் அந்த நாற்றங்கால் நின்றுபோகிறது. மேலே இருக்கும் பயிர் இரண்டு வாரம் தாங்கும், அப்புறம் தேய்ந்து தீர்ந்ததும் கீழே வெறும் தரை. அதுதான் புண். எரிந்ததால் வந்த புண் கிடையாது, நாற்று வராததால் வந்த புண். அதனால்தான் முதல் வாரம் நன்றாகச் சாப்பிடுகிறவர் மூன்றாம் வாரம் கஞ்சிக்கு வருகிறார். முடிந்து சில வாரத்தில் ஓரங்களிலிருந்து நாற்று மறுபடி வரும்.

கட்டி மட்டும் ஏன் இரண்டு வாரத்தில் தேயவில்லை? அது தேய்மானம் இல்லாத இடம். செத்த செல்லைத் தூக்கிப் போட ஆள் வர வேண்டும். மேக்ரோபேஜ்கள் வந்து தின்று முடிக்க வாரக்கணக்கு ஆகும்.

பிப்ரவரி 14

ஒரே நாளில் ஏன் வைக்கக் கூடாது? இதற்கு விடை ஆட்டுக்கடாவிடம் இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

1920களில் பாரிஸ் ரேடியம் நிலையத்தில் குளோதியஸ் ரெகோ கடாவின் விதைப்பையில் கதிர் காட்டிப் பார்த்தார். ஒரே தடவையில் மலடாக்கும் அளவு கொடுத்தால் மேல்தோல் நாசமாகிப் போகிறது. அதையே பல நாளுக்குப் பிரித்துக் கொடுத்தால் தோல் பிழைத்துக்கொள்கிறது, கடா மலடாகிறது. ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் விந்துச் செல்லைக் கட்டிக்கும், தோலை நல்ல சதைக்கும் வைத்துப் பாருங்கள். அதே நிலையத்தில் ஆன்றி கூத்தார் இதைத் தொண்டைப் புற்றுநோயாளிகளிடம் செய்தார். இன்று மாமா படுக்கிற அந்த மேஜைக்கு வம்சாவளி அங்கிருந்துதான்.

இப்போது கணக்கு. ஒரு கிராம் கட்டியில் கிட்டத்தட்ட 100 கோடி செல். 2 கிரே கொடுத்தால் தோராயமாகப் பாதி வம்சமற்றுப் போகும் என்று வையுங்கள். மறுநாள் மீதியில் பாதி. சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதை தெரியுமல்லவா, அதைத் தலைகீழாக ஓட்டுங்கள். 30 நாளில் 107 கோடியில் ஒரு பங்காகக் குறையும். 100 கோடியில் மிஞ்சுவது ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பத்தாம் நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனாலும் கை வைத்தால் கட்டி அதே அளவு.

இதை அத்தைக்குச் சொல்லுங்கள், நெல் கதை அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 15

செல் உடனே சாகாது என்று நான் பொத்தாம்பொதுவாக எழுதியதை ஒரு நர்ஸ் அக்கா வந்து வெட்டியிருக்கிறார். லிம்போசைட் என்ற வெள்ளையணு என்ன ஆகும் என்று ஒரு வரி. சரிதான். ரத்தத்தில் ஓடும் லிம்போசைட் பிரியாமலே, சில மணி நேரத்தில், மிகக் குறைந்த கதிருக்கே தானாகத் தற்கொலை செய்துகொள்ளும். அதற்குப் பிரிவு வரை பொறுமை கிடையாது.

இன்னொரு விதிவிலக்கு உமிழ்நீர்ச் சுரப்பி. 1906-இல் பெர்கோனியே, திரிபோந்தோ என்ற இருவர் எலி விதையைப் பார்த்துவிட்டு, வேகமாகப் பிரிகிற, இன்னும் முதிராத செல்தான் கதிருக்கு எளிதில் பலியாகும் என்று விதி எழுதினார்கள். பெரும்பாலும் சரியான விதி. ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பியின் செல்கள் முதிர்ந்தவை, அபூர்வமாகத்தான் பிரிபவை. இருந்தும் முதல் அடியிலேயே விழுந்துவிடும்.

இது எனக்கு வீட்டில் நடந்தது. 2017 டிசம்பரில் அப்பாவுக்கு இதே இடத்தில் இதே 35 நாள் சிகிச்சை. முதல் நாள் அந்த வலை மாதிரியான பிளாஸ்டிக் முகமூடியை முகத்தில் அழுத்தி மேஜையோடு பூட்டினார்கள். வெளியே வந்தவர், மீன்பிடிக்கிற வலையில் என்னையே பிடித்துவிட்டார்கள் என்றார். அன்று இரவே இரண்டு கன்னமும் காதோரம் புஸ்ஸென்று வீங்கிவிட்டது, பொன்னுக்கு வீங்கி மாதிரி. இரண்டு வருடம் செல் எண்ணிய ஆள் நான். எனக்கே கை கால் ஓடவில்லை. மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, சுரப்பி கோபித்துக்கொண்டிருக்கிறது, ரெண்டு நாளில் அடங்கும் என்றார். அடங்கியது. ஆனால் எச்சில் வறண்டது, ஆறு வருடமாக அப்பா பாட்டில் தண்ணீர் இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போவதில்லை. இப்போது அந்தச் சுரப்பிக்குச் சராசரியாக 26 கிரேக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள முயல்கிறார்கள். கட்டி அருகில் இருந்தால் அதற்கும் வழியிருக்காது.

பிப்ரவரி 18

நெல் கணக்கு ரொம்ப அழகாக இருக்கிறதே, அப்படியென்றால் எல்லோருக்கும் குணமாக வேண்டுமே என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல உதை. அந்தக் கணக்கில் எல்லா செல்லும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். ஒரே கட்டிக்குள்ளேயே குடியிருப்பு வேறு வேறு.

கட்டி அவசரமாகக் கட்டிய காலனி. ரத்தக்குழாய்கள் கோணல்மாணலாக ஓடும், பாதி அடைத்திருக்கும். குழாய்க்குப் பக்கத்து வீட்டுக்கு ஆக்சிஜன் தாராளம், தள்ளிப் போகப் போகக் குறையும், கடைசி வீட்டில் மூச்சுத் திணறல், அதற்கும் பின்னால் பிணம். இதை 1955-இல் இங்கிலாந்தில் தாம்லின்சன், கிரே இருவரும் நுரையீரல் கட்டிகளின் சீவல்களைப் பார்த்துக் கணக்கிட்டார்கள். குழாயிலிருந்து சுமார் 150 மைக்ரான் வரைதான் ஆக்சிஜன் எட்டும் என்றார்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த கிரே பெயரைத்தான் இப்போது கதிர் அளவுக்கு வைத்திருக்கிறோம்.

ஆக்சிஜனுக்கும் கதிருக்கும் என்ன சம்பந்தம்? கடிபட்ட டி.என்.ஏ.வின் காயத்தில் ஆக்சிஜன் போய் ஒட்டிக்கொண்டால் காயம் நிரந்தரமாகிறது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் செல் அந்தக் காயத்தைச் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ள வாய்ப்பு கிடைக்கிறது. இது மைக்ரோநொடிகளில் முடிகிற பஞ்சாயத்து. விளைவு, மூச்சுத் திணறும் செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். பட்டினி கிடக்கிறவன் கெட்டியாகிவிடுகிறான்.

நாள் பிரித்துக் கொடுப்பதில் இங்கே இன்னொரு லாபம் ஒளிந்திருக்கிறது. குழாயோரத்து வீடுகள் காலியானதும் பின்வீட்டுக்காரனுக்கு ஆக்சிஜன் கிடைக்கத் தொடங்கும். ஆக்சிஜன் கிடைத்ததும் கதிருக்கு இரையாவான். ஒரே நாளில் கொட்டினால் பின்வீட்டுக்காரன் தப்பித்துவிடுவான்.

1950களில் லண்டனில் நோயாளியை அழுத்தமான ஆக்சிஜன் தொட்டிக்குள் படுக்க வைத்துக் கதிர் காட்டினார்கள். கொஞ்சம் பலன் இருந்தது, படாதபாடு. டென்மார்க்கில் நிமோரசோல் என்ற மாத்திரையை ஆக்சிஜனுக்குப் பதிலாளாக அனுப்புகிறார்கள்.

ஆக்சிஜன் என்றதும் பீடி நினைவுக்கு வருகிறது. சிகிச்சையின்போது புகைப்பவர்களுக்குப் பலன் குறைகிறது என்று 1993-இலேயே கனடாவில் பார்த்திருக்கிறார்கள். புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் துண்டு போட்டுவிடுகிறது. அப்பா நாலாவது நாள் ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இத்தனையும் அங்கேயே நின்று சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, இந்த ஒன்று பற்றவைத்துவிட்டேன், வீணாக்கக் கூடாது என்றார். அதற்குப் பிறகு என் கண்ணில் படவில்லை. சைக்கிள் ஸ்டாண்ட்காரரைக் கேட்டால் வேறு கதை வரலாம்.

பிப்ரவரி 19

150 மைக்ரான் என்று எழுதியது 1955 கணக்கு. பிற்பாடு அளந்ததில் 70-க்கு அருகில் வந்துவிட்டது. அதாவது நாலைந்து செல் தள்ளியே திணறல் ஆரம்பம். கதை மாறவில்லை, தெரு குட்டையாகிவிட்டது.

பிப்ரவரி 25

மாமாவுக்கு ஹீமோகுளோபின் 9.8, ரத்தம் ஏற்றினால் ஆக்சிஜன் கூடி நன்றாக வேலை செய்யும் அல்லவா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம் என்று அவசரமாக ஒரு வரி பதில் போட்டேன். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

காகிதத்தில் அது சரிதான். ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பலன் குறைவு என்பதும் உண்மை. ஆனால் 2003-இல் ஜெர்மனியில் ஹெங்கே குழு ரத்தம் ஊறவைக்கும் எரித்ரோபொயட்டின் ஊசியைப் போட்டுத் தலை, கழுத்துக் கட்டிக்காரர்களுக்கு ஹீமோகுளோபினை ஏற்றினார்கள். ஏறியது. கட்டி அடங்கவில்லை, ஊசி போடாதவர்களைவிட மோசமாகவே போனது. கட்டியின் செல்லிலேயே அந்த ஊசிமருந்துக்கான ஏற்பி இருந்திருக்கலாம் என்று ஒரு சந்தேகம். டென்மார்க்கில் ரத்தம் ஏற்றிப் பார்த்ததிலும் லாபம் தெரியவில்லை. உடம்பு தாங்குவதற்காக ரத்தம் ஏற்றச் சொன்னால் ஏற்றுங்கள், அது டாக்டர் முடிவு. கட்டி கரையும் என்று நம்பி நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

நான் ஒரு வரியில் பதில் எழுதும்போதெல்லாம் இப்படித்தான் ஆகிறது.

மார்ச் 3

மெஷின் ரிப்பேர், மூன்று நாள் விடுமுறை, மாமாவுக்கு ஓய்வு கிடைத்ததில் சந்தோஷம் என்கிறீர்கள். ஓய்வு அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை.

முதல் நாலு வாரம் கட்டி அடிவாங்கிச் சோர்ந்திருக்கும். அதன்பிறகு மிஞ்சிய செல்கள் விழித்துக்கொண்டு முன்பைவிட வேகமாகப் பிரியத் தொடங்கும். 1988-இல் விதர்ஸ் குழு பல ஆஸ்பத்திரிகளின் பழைய கணக்குகளைத் தோண்டி இதைக் காட்டியது. நாலு வாரத்துக்கு மேல் இழுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 0.6 கிரே கூடுதலாகக் கொடுத்தால்தான் பழைய நிலை. தினமும் கொடுப்பதே 2 கிரே, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சியைத் தடுக்கவே செலவாகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற மாதிரி.

டென்மார்க்காரர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். மொத்த அளவு அதேதான், வாரத்துக்கு ஐந்து நாளுக்குப் பதில் ஆறு தடவை. ஐந்து வருடத்தில் கட்டி அடங்கியவர்கள் 60-லிருந்து 70 சதவீதமானார்கள். மருந்து எதையும் கூட்டாமல், ஒரே ஒரு வாரத்தைச் சுருக்கியதில் வந்த பலன் இது.

அப்பாவுக்குப் பொங்கலில் இரண்டு நாள், மெஷின் படுத்து இரண்டு நாள் போயிற்று. ஈடுகட்ட ஒரே நாளில் இரண்டு தடவை வைத்தார்கள், நடுவில் ஆறு மணி நேரம் இடைவெளி. ஆறு மணி நேரம் எதற்கு என்று வரிசையில் இருந்த ஒருவர் கத்தினார். நல்ல செல் தன் டி.என்.ஏ.வைத் தைத்து முடிக்கிற நேரம் அது. 1959-இல் எல்கைண்ட், சட்டன் இருவரும் கதிரை இரண்டாகப் பிரித்து நடுவில் சில மணி நேரம் விட்டால் செல்கள் அதிகம் பிழைக்கின்றன என்று காட்டியிருந்தார்கள். அவரிடம் இதைச் சொல்லப் போனேன், டீ குடிக்கப் போய்விட்டார்.

விடுபட்ட நாட்களை எப்படி ஈடுகட்டப் போகிறீர்கள் என்று திங்கட்கிழமை போய்க் கேளுங்கள். கேட்பது தப்பே இல்லை.

மார்ச் 10

ஒரு யூடியூப் சுட்டி வந்திருக்கிறது. ஒரு இடத்தில் கதிர் வைத்தால் உடம்பு முழுவதும் கட்டி கரையுமாம், ஆஸ்பத்திரிகள் மறைக்கின்றனவாம்.

யாரும் மறைக்கவில்லை. 1953-இலேயே மோல் என்ற ஆங்கிலேயர் இதற்கு அப்ஸ்கோபல் என்று பெயர் வைத்துவிட்டார். அபூர்வம் என்பதுதான் பிரச்சினை. நியூயார்க்கில் மெலனோமா என்ற தோல் புற்று நோயாளி ஒருவருக்கு முதுகெலும்போரக் கட்டிக்கு மட்டும் கதிர் வைத்ததை 2012-இல் வெளியிட்டார்கள். மண்ணீரலிலும் நெறிகளிலும் இருந்தவை சேர்ந்து சுருங்கின. ஆனால் அவர் இபிலிமுமாப் என்ற எதிர்ப்புசக்தி மருந்திலும் இருந்தார்.

நடப்பது இதுதான். கதிரில் குழம்பிய செல் பிரியும்போது டி.என்.ஏ. துணுக்குகள் கருவுக்கு வெளியே சிந்திவிடும். கருவுக்கு வெளியே டி.என்.ஏ. கிடந்தால் செல்லுக்கு அது வைரஸ் வந்த மாதிரி. உள்ளே அலாரம் அடிக்கும், இன்டர்ஃபெரான் என்ற அபாயச் சேதி கசியும், எதிர்ப்புச் செல்கள் கூடும். சாகும் செல்லே போலீசுக்குப் போன் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே கட்டியிலிருந்து வேறு சிலர் பொய்த் தகவலும் அனுப்புகிறார்கள். கதிருக்குப் பின் ஓடிவரும் மேக்ரோபேஜ்களில் பல, காயம் ஆற்றுகிறேன் பேர்வழி என்று கட்டிக்குப் புது ரத்தக்குழாய் போட்டுக் கொடுக்கும். வந்த லிம்போசைட்டுகளோ மறுநாள் கதிரில் மாட்டிச் சாகும்.

அதனால்தான் மருந்து சேர்த்தால் ஓரிடத்தில் பலிக்கிறது, ஓரிடத்தில் பலிப்பதில்லை. நுரையீரலில் கதிரும் கீமோவும் முடிந்த பிறகு துர்வாலுமாப் என்ற எதிர்ப்புசக்தி மருந்து கொடுத்ததில் 2017-இல் நல்ல பலன். தலை, கழுத்தில் கதிரோடு சேர்த்தே அதே வகை அவலுமாப் கொடுத்துப் பார்த்தது 2021-இல் வெளிவந்தது, லாபமில்லை. கழுத்தில் கதிர் படும் இடத்திலேயே எதிர்ப்புச் செல்கள் பயிற்சி பெறும் நெறிகளும் இருக்கின்றன. பயிற்சி முகாமையே இடித்துவிட்டு வீரர்களை அனுப்பு என்றால் எப்படி? என் ஊகம் இது, நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

மார்ச் 12

கன்னியாகுமரிப் பக்கத்து நண்பர், மணவாளக்குறிச்சி மணலில் வளர்ந்த எங்களுக்கெல்லாம் செல் பழகியிருக்குமா என்கிறார். பேச்சு எங்கேயோ போகிறது, போகட்டும்.

மோனசைட் மணலில் தோரியம் இருப்பதால் அந்தக் கரையில் இயற்கைக் கதிர் அதிகம். கேரளத்துக் கருநாகப்பள்ளியில் கிட்டத்தட்ட 70 ஆயிரம் பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். புற்றுநோய் கூடுதலாகத் தெரியவில்லை. பழக்கம் என்ற விஷயமும் தட்டில் உண்டு. 1984-இல் லிம்போசைட்டுகளுக்கு முதலில் துளிக் கதிர் கொடுத்து, அப்புறம் பெரிய அளவு கொடுத்தபோது குரோமோசோம் உடைப்பு குறைவாக இருந்தது. இதற்கு நேர் எதிரும் உண்டு. 1992-இல் நாகசாவா, லிட்டில் இருவரும் நூற்றுக்கு ஒரு செல்கூட அடிபடாத அளவு ஆல்ஃபா கதிர் காட்டினார்கள், மாற்றம் தெரிந்ததோ முப்பது சதவீதச் செல்களில். அடிபட்டவன் பக்கத்து வீட்டுக்கும் சேதி சொல்கிறான்.

ஆனால் மணலில் வருடம் முழுக்க வாங்குவதும் மெஷினில் இரண்டு நிமிடத்தில் வாங்குவதும் ஒரே தராசில் நிற்காது. மணலில் நடந்த தைரியத்தில் யாரும் மெஷினைத் தவிர்க்க வேண்டாம்.

மார்ச் 24

35 முடிந்ததா, நல்லது. அடுத்த இரண்டு வாரம் வாய்ப்புண் இன்னும் கொஞ்சம் கூடித்தான் குறையும். நாற்றங்கால் கதை நினைவிருக்கட்டும்.

இனி கவனிக்க வேண்டியவன் ஃபைப்ரோபிளாஸ்ட். கட்டியைச் சுற்றி நார் நெய்கிற செல். 2 கிரேக்கெல்லாம் சாகமாட்டான். கதிர் பட்டால் பிரிவதை நிறுத்திவிட்டு முன்கூட்டியே கிழவனாவான். கிழவன் சும்மா இருப்பதில்லை. டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற சேதிகளைக் கசியவிட்டு, நாரை மேலும் மேலும் நெய்வான். மாதக்கணக்கில், வருடக்கணக்கில். அப்பாவின் கழுத்து ஒரு வருடம் கழித்துத்தான் பலகை மாதிரி ஆனது. வாய் திறப்பது குறுகியது. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையே வைத்துப் பழகச் சொன்னார்கள். பதினேழு குச்சியிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு குச்சி கூடினால் வீட்டில் பாயசம். இதை நாங்கள் ஆறு மாதம் தாமதமாகத் தொடங்கினோம், அது என் தப்பு. நீங்கள் எப்போது தொடங்கலாம் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 7

ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். சிறிது சிறிதாகக் கொடுப்பதே நல்லது என்று பிப்ரவரி 14-இல் கடாவை வைத்துச் சாதித்தீர்கள், என் அக்காவுக்கு மார்பில் ஐந்தே நாளில் முடித்துவிட்டார்களே, ஏமாற்றிவிட்டார்களா என்கிறார்.

ஏமாற்றவில்லை. நாரும் நரம்பும் போல மெதுவாகப் பாதிக்கப்படும் சதை பெரிய ஒற்றை அடியைத் தாங்காது, சிறு அடிகளைத் தாங்கும். தொண்டைக் கட்டிக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாக இல்லை. அதனால் அங்கே சிறு அடிகள் லாபம். மார்பகக் கட்டியும் புராஸ்டேட் கட்டியும் இந்த விஷயத்தில் மெதுவான சதையின் குணத்தையே காட்டுகின்றன. அங்கே பிரிப்பதில் லாபம் குறைவு. பிரிட்டனில் 4096 பேரிடம் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள்: மூன்று வாரத்தில் 15 தடவையாக 40 கிரே கொடுப்பதும், ஒரு வாரத்தில் 5 தடவையாக 26 கிரே கொடுப்பதும் நோய் அடங்குவதில் சமம். நான் கடா முழு உலகத்துக்கும் சாட்சி சொல்லும் என்பது போல எழுதிவிட்டேன். அது தொண்டைக்கு மட்டும் சாட்சி.

மே 5

ஏழு வாரம் ஆயிற்று, நெறிக்கட்டி கொஞ்சம் குறைந்து நின்றுவிட்டது, இப்போதே ஸ்கேன் எடுக்கட்டுமா என்கிறீர்கள். வேண்டாம், அவர்கள் சொன்ன ஜூன் வரை பொறுங்கள். பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடத்தைக் காட்டுவது. சீக்கிரம் எடுத்தால் காயம் ஆறும் சூட்டையே அது கட்டி என்று காட்டும். 2016-இல் வந்த பெரிய ஆய்விலும் 12 வாரம் கழித்துத்தான் எடுத்தார்கள். ஸ்கேன் சுத்தமாக இருந்தவர்களுக்குக் கழுத்து அறுவையைத் தவிர்த்தார்கள், உயிர் பிழைப்பதில் குறையில்லை.

எங்கள் வீட்டில் எட்டாவது வாரம் தங்கை தாங்காமல் சி.டி. எடுக்க வைத்தாள். ஒன்றரை சென்டிமீட்டர் நெறி அப்படியே இருந்தது. ஒரு மாதம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பன்னிரண்டாவது வாரப் பெட் ஸ்கேனில் அதே நெறி, அதே அளவு, சர்க்கரை இழுக்கவில்லை. உள்ளே நாரும் குப்பையும்தான். அன்றைக்கு அந்த ஹீலா தட்டு நினைவுக்கு வந்தது. இருபது வருடம் முன்பு பதினாலு நாள் காத்திருக்கத் தெரியாதவன், பன்னிரண்டு வாரத்திலும் கற்றுக்கொள்ளவில்லை.

ஜூன் 16

பார்த்தேன், ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று அத்தையே எழுதியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருப்பார்கள், அதை விடாதீர்கள்.

முகமூடியை என்ன செய்வது, வீட்டில் வைக்கலாமா, அதில் கதிர் இருக்குமா என்று கடைசியாக ஒரு கேள்வி. இருக்காது. மெஷினை அணைத்தால் கதிரும் நின்றது, பிளாஸ்டிக்கில் ஒன்றும் தங்காது. எங்கள் வீட்டில் அப்பா அதைப் பரணில் போட விடவில்லை. கொல்லையில் முருங்கை மரத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார், திருஷ்டிக்கும் ஆயிற்று, காக்கைக்கும் ஆயிற்று என்று. காக்கை வருவதில்லை. அணில் மட்டும் மூக்கு ஓட்டை வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஜூன் 17

இருபத்தெட்டு குச்சி. கேட்டிருந்தவருக்காக. இப்போது அப்பாவுக்கு இருபத்தெட்டு.